எச்4 பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது

எச்4 உயிரோடு இருக்கிறது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நேற்றுக் காலை தேத்தண்ணீரோடு குசினி வாசலில் இருக்கும்போது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஆனையிறவில், உப்பளத்துக்குப் பக்கத்துக் கலங்கல் தண்ணீரில் நிற்கும் ஒரு கருவால் மூக்கான் பறவை. அனுப்பியவர் ஒரு வங்கி ஊழியர், லீவு நாட்களில் கமெராவோடு திரிபவர். படத்தில் பறவையின் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்குத் தலை எதற்கு? கால்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காலில் முட்டிக்கு மேலே நாங்கள் போட்டுவிட்ட பிளாஸ்டிக் கொடி, நிறம் மங்கி, ஆனால் எழுத்து அழியாமல் இருந்தது. எச்4. பிறகு முதுகைப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

சந்தோசத்தில் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், என்னை உனக்குத் தெரியும். பாதி சந்தோசம், பாதி வெட்கம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவரின் முற்றத்தில் நின்று, "பொய் சொல்லாதேங்கோ" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேனே, அந்த மனிதர் அன்றைக்குச் சொன்னது அவ்வளவும் உண்மை. நீ அதை அன்றைக்கே நம்பினாய். நான் நம்புவதற்கு ஒரு பறவை தன் நாட்டுக்குப் போய், திரும்பவும் இங்கே வந்து, காலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நாம் இருவரும் பறவைகளைப் பிடித்து அடையாளமிடும் இந்த வேலைக்கு வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ கண்ணிவெடி அகற்றும் வேலையிலிருந்து வந்தாய். நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் விண்ணப்பப் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள். காகத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியும் என்பதுதான் இருவருடைய தகைமையும். உனக்குப் பொறுமையான கை இருந்தது, எனக்கு வேகமான விரல் இருந்தது. அதனால் பிடிப்பவள் நீ, பதிபவள் நான் என்று ஆயிற்று.

முதல் நாளே என்னை எரிச்சலூட்டினாய். விடியற்காலையில் கடல்நீர் ஏறும் களப்போரம் வலை கட்டப் போகிறோம், நேரம் போகிறது, நீயோ ஒவ்வொரு அடிக்கும் நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறாய்.

"ஏனடி, இந்தத் தண்ணிக்குள்ள ஆர் மிதிவெடி புதைக்கப் போறான்?" என்றேன்.

"புதைச்சவனையெல்லோ கேக்கவேணும்," என்றாய்.

அதற்குப் பிறகு நானும் நிலத்தைப் பார்த்துத்தான் நடந்தேன். உன்னிடம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

எச்4 எங்களிடம் அகப்பட்ட காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது மாரி முடிந்து வயல்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த நேரம். நீ அதை வலையிலிருந்து பிரித்தெடுத்து, தலையைத் துணியால் மூடி, உன் மடியில் வைத்துக்கொண்டாய். நான் கருவியைக் கட்டினேன். பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, மேலே வெயிலில் மின்னேறும் தகடு, பின்னால் மெல்லிய கம்பி. கைபேசிக் கோபுரம் இருக்கும் பக்கமாகப் பறவை வரும்போதெல்லாம் தான் நின்ற இடங்களைக் கணினிக்கு அனுப்பிவிடும். ஒரு தேக்கரண்டிச் சீனியின் பாரம்தான். ஆனாலும் தொடையைச் சுற்றி வரும் பட்டியை என்னைக் கொண்டு மூன்று தரம் அவிழ்த்துக் கட்டுவித்தாய். "உன்ர முதுகில கட்டினால் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுக் கட்டு," என்றாய். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் உன் சின்ன விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் பறக்கவிட்டாய்.

மூன்று கிழமை எச்4 நல்ல பிள்ளையாகத் திரிந்தது. காலையில் வயல், மத்தியானம் களப்பு, பிறகும் வயல். வரைபடத்தில் அதன் புள்ளிகளைப் பார்க்கும்போது வேலைக்குப் போய்வரும் மனிதரின் வழி மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழத் தொடங்கின. அது கரையோரத்து மீனவர் குடியிருப்பில் ஒரு வீட்டு வளவு. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. நகரவே இல்லை.

"சட்டிக்குள்ள போயிட்டுது," என்றேன். கணினியில் எச்4-இன் வரிசையில் 'இறந்தது, உண்ணப்பட்டிருக்கலாம்' என்று அடித்தேன். எனக்குக் கட்டம் வெறுமையாகக் கிடந்தால் பிடிக்காது, உனக்குத் தெரியும்.

நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய். "நீ பாத்தனியே?"

"இதைப் பாக்கவும் வேணுமே? சேத்தில நிக்கிற பறவைக்கு வீட்டு வளவில என்ன வேலை?"

அப்போதுதான் உன் பழைய வேலையைப் பற்றி முதன்முதலாக ஒழுங்காகச் சொன்னாய். கருவி கத்தினால் நிலத்துக்குக் கீழே இரும்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது வெடியாகவும் இருக்கலாம், ஆணியாகவும் இருக்கலாம், யாருடையதோ தண்ணீர் வாளிக் காதாகவும் இருக்கலாம். முழங்காலிட்டிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் கண்ணால் காணும்வரை அதற்குப் பெயர் சொல்லக்கூடாது. "சத்தம் வந்தால் சத்தம் வந்தது எண்டு மட்டும் எழுதவேணும். அதுக்கு மேல ஒரு சொல்லும் எழுதப்படாது," என்றாய். நான் கேட்டேன், தலையாட்டினேன், எழுதியதை அழிக்கவில்லை.

கொழும்பிலிருந்த எங்கள் திட்டப் பொறுப்பாளருக்குக் கோபம். அதிகாரிகளிடம் முறைப்பாடு கொடுங்கள் என்றார். நீதான் ஒரே ஒரு நாள் தவணை கேட்டாய். எங்களுடைய ஊர்களில் வாசலுக்கு உத்தியோகத்தர் வந்து நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "முதல்ல நாங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாக்கிறம் சேர்" என்று மட்டும் சொன்னாய். அடுத்த நாள் விடிய, வவுனியா நெளுக்குளத்து உன் வீட்டிலிருந்து உன்னுடைய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். போகும் வழியெல்லாம் நீ பேசவில்லை. நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்.

அருளப்பு அண்ணை அப்போது முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த ஆள். அவருடைய மனைவி றீற்றா அக்கா வாசலில் நின்றா. நீ மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் நான் இறங்கிப் போய்விட்டேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வரைபடம்.

"அண்ணை, அந்தப் பறவையை என்ன செய்தனீங்கள்?"

"என்ன பறவை?"

"காலில கொடி போட்ட பறவை. இங்கதான் நிக்குது எண்டு காட்டுது."

"என்னட்ட ஒரு பறவையும் இல்லைப் பிள்ளை."

அவர் குரலில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நீ யாருக்கும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே நானே எழுதுகிறேன். கேட்காமல் கொள்ளாமல் அவர்களுடைய குசினிக்குப் பின்பக்கம் போனேன். சாம்பல் மேட்டில் கிடந்த நாலு இறகுச் செட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவருடைய முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"அப்ப இது என்ன? பொய் சொல்லாதேங்கோ."

"அது எங்கட கோழி," என்றா றீற்றா அக்கா. "ஞாயிற்றுக்கிழமை அடிச்சது."

கோழிச் செட்டைதான். காகத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரிந்தவள் என்று பெருமையடித்த நான் அதைக்கூடப் பார்க்கவில்லை.

நீ என் கையிலிருந்த செட்டைகளை மெதுவாக வாங்கிக் கீழே போட்டாய். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியளே?" என்று கேட்டாய். அவ ஒரு கதிரையும் கொண்டுவந்து போட்டா. நீ உட்கார்ந்து தண்ணீரைக் குடித்து முடித்தாய். பிறகு கடலைப் பற்றிக் கேட்டாய், இறால் படுகிறதா என்று கேட்டாய். கடைசியாகத்தான் அதைக் கேட்டாய்.

"அண்ணை, இந்தக் கிழமைக்குள்ள ஏதும் சாமான் கண்டெடுத்தனீங்களோ?"

"ஓம்," என்றார் அவர் உடனே. "அது அந்தோனியாரிட்டக் கிடக்கு."

முற்றத்து மூலையில் கண்ணாடிக் கூட்டுக்குள் புனித அந்தோனியார் சொரூபம் ஒன்று இருந்தது. வரும்போது நான் அதைத் தாண்டித்தான் நடந்திருந்தேன். சொரூபத்தின் காலடியில் பூட்டில்லாத ஒரு திறப்பு, ஒரு குழந்தையின் ஒற்றைத் தோடு, அவற்றோடு எங்கள் கருவி. தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பதால், வழியில் எதைக் கண்டெடுத்தாலும் அவர் காலடியில் வைத்துவிட்டால் உரியவர்கள் தேடி வருவார்கள் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கண்ணாடியூடாக வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கருவியும் வயிறு நிறைய மின்னேற்றிக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று எங்களுக்கு ஒழுங்காக அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"நீங்கள் பறவையையெல்லே கேட்டியள்," என்றார் அருளப்பு அண்ணை. "பறவை என்னட்ட இல்லைத்தானே. இறால் வலையில மாட்டுப்பட்டுக் கிடந்தது. முதுகில சுமை. ஆரோ பாவி வாயில்லாத சீவனில பாரத்தைக் கட்டி விட்டிருக்கிறான் எண்டு நினைச்சு வெட்டி விட்டிட்டன். காலில கிடந்தது கொலுசு மாதிரி, அது கிடக்கட்டும் எண்டு விட்டனான். பறந்திட்டுது."

ஆரோ பாவி நான்தான். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாய்.

"கம்பி நீட்டிக்கொண்டு கிடக்கேக்க எனக்குப் பயம்தான்," என்றார் அவர். "உது வெடிக்காதோ பிள்ளை?"

"வெடிக்கிறது எண்டால் அந்தோனியாரை முதல் வெளியில எடுத்திருப்பன் அண்ணை. எட்டு வருசம் அந்த வேலைதான் செய்தனான்," என்றாய். அவர் அப்போதுதான் சிரித்தார்.

நீ அவர் சொன்னதை நம்பினாய். நான் நம்பவில்லை. வெட்டிவிட்டார் சரி, பறந்தது என்பதற்கு என்ன சாட்சி? பட்டியை வெட்டியவர் கழுத்தையும் வெட்டியிருக்கலாமே? திரும்பும் வழியில் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். நீ புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் நிறுத்தி, எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்து, "குடிச்சுப்போட்டு வாயை மூடிக்கொண்டு வா," என்றாய். அவ்வளவு கோபமாக உன்னை நான் பார்த்ததில்லை.

எச்4-இன் வரிசையை நான் மாற்றவில்லை. அதை வைத்துக்கொண்டு அந்த வருட அறிக்கையில், அந்தக் கரையில் பறவைகளைப் பிடித்து உண்ணும் வழக்கம் இருக்கிறது என்று ஒரு வசனம் ஏறிவிட்டது. என் ஒரு கட்டத்திலிருந்து முளைத்த வசனம். பிறகு யாரோ வந்து அந்தக் குடியிருப்பில் விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். நீ நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பறவை பிடிபட்டது, வேலைக்காகப் பேசினாய், அப்படியே பழையபடி ஆகிவிட்டோம். அந்தக் கதையை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. வவுனியா ஆசுபத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான் கதிரை போட்டிருக்கும் நாட்களில், நீ திட்டத்தைப் பற்றித்தான் கேட்பாய். எந்தப் பறவை எங்கே போயிற்று, எந்தக் கருவி அணைந்தது என்றெல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எச்4 ஏதும்?" என்பாய்.

"செத்ததைப் பற்றி என்னத்துக்கடி கேக்கிறாய்?"

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. ஒரு தரமாவது, ஒருவேளை பறந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். உன் பிள்ளைபோல நீ கேட்ட ஒன்றுக்கு அந்த ஒரு சொல்லைக்கூட நான் தரவில்லை. போன ஆவணியில் நீ போய்விட்டாய்.

நேற்று அந்தப் படம் வந்தது. இன்று காலை முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனேன். பஸ்ஸில் இருக்கும்போது என்ன சொல்வது என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்தேன். படலையைத் திறந்ததும் பத்தும் மறந்துபோயிற்று. அருளப்பு அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"செட்டை பொறுக்கின பிள்ளையெல்லே?" என்றார்.

"ஓம் அண்ணை."

நான் கைபேசியை நீட்டினேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டி, கனநேரம் பார்த்தார். "முதுகில ஒண்டும் இல்லை," என்றார் முதலில். பிறகு, "கொலுசு கிடக்கு." பிறகு, "றீற்றா, இஞ்சை ஓடி வா!" என்று கூப்பிட்டார். அவ மாவு படிந்த கையோடு வந்தா. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார்கள். இந்த இரண்டு வருசத்தில் அது இரண்டு தரம் வடக்கே போய்வந்திருக்கும், ரஷ்யாப் பக்கம் அவ்வளவு தூரம் என்று நான் சொன்னேன். "உந்தக் காலோடையோ!" என்றா அவ.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை, நல்லாய் அழுதுவிட்டேன் என்பது மட்டும் தெரியும். அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. "வந்து விசாரிச்சவங்கள் என்ர வலையெல்லாம் கிண்டினவங்கள் பிள்ளை. அது பெரிசில்லை. என்ர முத்தத்தில வந்து என்னைப் பொய்காரன் எண்டது, அது முள்ளு மாதிரிக் கிடந்தது," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"மற்றப் பிள்ளை எங்கை?" என்று கேட்டா றீற்றா அக்கா. "கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

நீ இல்லை என்று சொன்னேன். அவ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா.

"அவா பிறகும் ஒருக்கால் வந்தவா," என்றார் அருளப்பு அண்ணை. "தனிய."

எனக்கு விளங்கவில்லை.

"விசாரணைக்கு ஆக்கள் வந்து போன பிறகு. முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது, வருத்தம் எண்டு அப்பவே தெரிஞ்சது. உனக்காக மன்னிப்புக் கேட்டவா. நான், 'உனக்கென்ன பிள்ளை, சொன்னவள் வரட்டும்' எண்டன். அதுக்குச் சொன்னவா, 'அவளுக்கு வாய்தான் முந்தும் அண்ணை. பிழை எண்டு தெரிஞ்சால் வீடு தேடி வருவாள். அப்ப கலைச்சுப்போடாதேங்கோ' எண்டு."

நெளுக்குளத்திலிருந்து அவ்வளவு தூரம், அந்த உடம்போடு, அந்த மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறாய். திரும்பி வந்து எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வலை கட்டினாய். உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருக்கிறது, அதற்கும் ஆள் இல்லை.

மத்தியானம் அங்கே சாப்பிட்டுத்தான் வரவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து எச்4-இன் வரிசையை மாற்றினேன். 'வலையில் சிக்கியது. மீனவர் கருவியை நீக்கி உயிரோடு விடுவித்தார். ஆனையிறவில் மீண்டும் காணப்பட்டது.' இவ்வளவுதான் எழுதினேன், நாங்கள் கண்டது இவ்வளவுதான். அறிக்கையில் அந்தக் கரையைப் பற்றிய வசனத்தை எடுக்க வேண்டும், அது என் தவறு என்று பொறுப்பாளருக்கும் எழுதினேன். திருத்தி அனுப்புங்கள் என்று ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. இவ்வளவு சின்ன வேலையைச் செய்ய எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

வருகிற கிழமை அந்தக் கரையில் வலை கட்டப் போகிறோம். அருளப்பு அண்ணையும் வருகிறார். இறால் வலையில் பறவை சிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவரிடம் இரண்டு யோசனை இருக்கிறதாம். அதோடு, முதுகில் கட்டுவதைத் தான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பறவையை விட வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார். பட்டிக்குக் கீழே விரல் விட்டுப் பார்ப்பதை நான் அவருக்குக் காட்டிக்கொடுப்பேன். இப்போதெல்லாம் யாருடைய முற்றத்துக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறேன். தாகம் இல்லாவிட்டாலும் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தன்னுடைய சொல்லை நம்பாமல் போன ஒருத்தியைப் பற்றி நீ சொன்ன சொல்லை அந்த மனிதர் நம்பியிருக்கிறார், இவ்வளவு காலமும் என்னை எதிர்பார்த்திருக்கிறார். நான் வருவேன் என்று நீ அவருக்குச் சொன்ன நாளில், அது எனக்கே தெரியாது.